உப்பளத் தொழிலாளியின் ஓட்டு எங்கே போயிற்று?

தேர்தல் முடிந்த மறுநாள் பெரிய பத்திரிகைகள் வழக்கமாக ஒரு பல்லவி பாடும்: “இத்தனை பேர் ஓட்டுப் போடவில்லை, ஜனங்களுக்குப் பொறுப்பில்லை.” கூடவே இன்னொன்றும் சொல்லும்: “ஏழை வந்தாலும் சாதியைப் பார்த்துத்தான் போடுகிறான், அவனுக்கு என்ன விவரம் தெரியும்?” இந்த இரண்டு பேச்சையும் இராமநாதபுரம் கடற்கரையில், வாலிநோக்கத்து உப்பள வரப்பில் நின்று உரசிப் பார்ப்போம்.

முதலில் கணக்கு. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் பதிவானது 69.72 சதவிகிதம். மிகக் குறைவு எங்கே? தலைநகரின் நடுவிலே, மத்திய சென்னையில்: 53.96. மிக அதிகம் எங்கே? கூலிக்காரரும் சிறு விவசாயியும் நிறைந்த தர்மபுரியில்: 81.20. இராமநாதபுரம் தொகுதியில் சுமார் 68. படித்த பட்டணத்தைவிடப் பட்டிக்காடுதான் சாவடிக்கு வந்திருக்கிறது.

சரி, இராமநாதபுரத்தில் நூற்றுக்கு முப்பத்திரண்டு பேர் வரவில்லையே, அவர்கள் எங்கே?

இராமநாதபுரம் கண்மாயை நம்பிய வானம் பார்த்த பூமி. வாலிநோக்கத்தில் கடல் இருக்கிறது. 1974இல் தோன்றிய தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளம் இருக்கிறது. ஒரு காலத்தில் கப்பல் உடைக்கும் வேலையும் இருந்தது. ஆனாலும் மழை வந்தால் பாத்தியில் வேலை நின்றுவிடும். உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய் என்று மாநில சர்க்கார் 2021இல் அறிவித்ததே, அந்த மாதங்களில் அடுப்பு எரிவது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு அத்தாட்சி. ஆகவே இந்தச் சீமையின் பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கப் போகிறார்கள். பெயர் ஊர்ப் பட்டியலில். ஆள் எங்கோ கட்டிடச் சாரத்தின் மேல். அவனையும் ‘ஓட்டுப் போடாதவன்’ என்றே எண்ணுகிறார்கள்.

வெளிநாட்டில் இருப்பவர் பெயர் சேர்க்க 2010இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனால் நேரில் வந்துதான் ஓட்டுப் போட வேண்டும். விமானம் ஏறி வந்து போக முதலாளிக்கு முடியும். கடன் வாங்கி அக்கரை போன கூலிக்கு முடியுமா?

பெயரே போனால்?

தமிழ்நாட்டில் 2025 நவம்பர் 4இல் வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தம் தொடங்கிற்று. டிசம்பர் 19இல் வந்த வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் இல்லை. இறந்தவர் பெயரும் இரட்டைப் பதிவும் நீங்குவது நியாயமே. ஆனால் 66 லட்சத்துக்கு மேற்பட்ட பெயர்கள் ‘குடிபெயர்ந்தவர், வீட்டில் இல்லாதவர்’ என்ற கணக்கில் போயின. உண்மையாகவே வேறு ஊரில் குடியேறியவர்களும் உண்டு. கூலிக்குப் போய்விட்டுத் திருவிழாவுக்குத் திரும்புகிறவர்களும் உண்டு. 1950ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: தற்காலிகமாக ஊரில் இல்லாததால் மட்டும் ஒருவர் அந்த ஊர்வாசி என்ற தகுதியை இழக்கமாட்டார். இதை ஒவ்வொரு தொழிலாளியும் மனதில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. பட்டியல் சுருங்கினால், ஓட்டுப் போட்டவர் தொகை ஏறாமலே சதவிகிதம் ஏறும். இனி யாராவது ஓட்டுப்பதிவு உயர்ந்தது என்று மார்தட்டினால், எத்தனை பேரைக் கொண்டு வகுத்தீர்கள் என்று கேளுங்கள்.

ஊரில் இருப்பவனுக்கும் தடை உண்டு. 2019இல் ஏப்ரல் 18, 2024இல் ஏப்ரல் 19 தேர்தல் நாட்கள். அப்போது மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும். ஆனால் உப்பளத்துக்கு அது உப்பு வாரும் பருவம். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. சட்டமோ வேறு சொல்கிறது. 1951ஆம் வருடச் சட்டத்தில் 1996இல் சேர்த்த 135பி பிரிவின்படி, தேர்தலன்று கூலியோடு விடுமுறை தரவேண்டும். தினக்கூலிக்கும் அது பொருந்தும். மீறும் முதலாளிக்கு அபராதம் எவ்வளவு? 500 ரூபாய் வரைதான்! இந்தத் தொகைக்கு எந்த முதலாளி அஞ்சுவான்?

விவரம் தெரியாதவனா?

2024இல் இதே தொகுதியில் முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் நின்றார். அதே பெயரில் இன்னும் சிலர் நின்றார்கள். ஜனங்கள் குழம்பினார்களா? அவருக்கு 3,42,882 ஓட்டுகள் விழுந்தன. மற்றப் பெயர்க்காரர்கள் பக்கத்தில்கூட வரவில்லை. முஸ்லிம் லீக் அபேட்சகர் நவாஸ் கனி 5,09,664 பெற்று ஜெயித்தார். யாருக்குப் போட்டாலும், எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஏழைக்குத் தான் நினைத்த சின்னம் எங்கே என்று தெரிந்திருந்தது.

சாதிப் பேச்சை மட்டும் பொய் என்று தள்ளிவிட முடியாது. 1957இல் முதுகுளத்தூர் இடைத்தேர்தலை ஒட்டி மூண்ட கலவரத்தில் எத்தனை ஏழைக் குடும்பங்கள் அழிந்தன! இம்மானுவேல் சேகரன் கொலையுண்டதும், கீழத்தூவலில் போலீஸ் துப்பாக்கிக்குப் பலர் இரையானதும் அந்தச் செப்டம்பரில்தான். இன்றும் இங்கே அபேட்சகரை நிறுத்தும்போது கட்சிகள் சமூக வாரியாகத் தலை எண்ணுகின்றன. பாத்தியில் எல்லாச் சமூகத்தாரின் காலும் ஒரே உப்பு நீரில்தான் வெடிக்கிறது. கூலி உயர்வு கேட்கும்போது ஒன்றாக நிற்பவர்கள் ஓட்டுப்பெட்டி முன்னால் பிரிந்து நின்றால் லாபம் யாருக்கு? கூலியைக் குறைக்க நினைப்பவனுக்கு!

வெள்ளைக்காரன் காலத்தில் வரி கட்டியவனுக்கும் சொத்துள்ளவனுக்கும் படித்தவனுக்கும்தான் ஓட்டு. 1952 முதல் பொதுத் தேர்தலில்தான் கூலிக்காரன் கையில் அது வந்தது. வந்ததைக் கைநழுவ விடலாமா?

தோழர்களே! பட்டியலில் உங்கள் பெயரையும், வெளியூர் போன பிள்ளையின் பெயரையும் பாருங்கள். இல்லையென்றால் 6ஆம் படிவம் எழுதிக் கொடுங்கள். எழுதத் தெரியாதவருக்கு எழுதத் தெரிந்தவர் எழுதிக் கொடுங்கள். தேர்தலன்று கூலியோடு விடுமுறையை முன்கூட்டியே சங்கத்தின் மூலம் கேளுங்கள். வெளியூர்த் தொழிலாளி இருக்கும் இடத்திலேயே, எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லாத முறையில் ஓட்டுப் போட வழி செய்யும்படி சர்க்காரை வற்புறுத்துங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவனிடம் அவன் சாதியை விசாரிக்க வேண்டாம். மழை மாதங்களில் எங்கள் அடுப்பு எரிய என்ன செய்வாய் என்று விசாரியுங்கள்!