மாளிகைக்கு மாலை, மலைக்கு?

2022ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 25ஆம் நாள், டில்லிப் பாராளுமன்றத்தின் நடு மண்டபத்திலே, சந்தால் குலத்துப் பெண்மணி ஒருவர் இந்நாட்டின் பதினைந்தாவது குடியரசுத் தலைவராக உறுதிமொழி ஏற்றார். திரௌபதி முர்மு அம்மையார்! எதிலும் ஒன்றுபடாத வாஷிங்டனும் மாஸ்கோவும் பீகிங்கும் அன்று ஒன்றுபட்டன. புடின் வாழ்த்தினார், ஷி சின்பிங் வாழ்த்தினார், பைடன் வாழ்த்தினார். வெளிநாட்டு ஏடுகள் யாவும் ஒரே தலைப்பைத் தீட்டின: பழங்குடியினரிலிருந்து இந்தியாவின் முதல் குடியரசுத் தலைவர்! எதிர்த்து நின்ற யஷ்வந்த் சின்காவுக்கு அந்த ஏடுகளிலே கிடைத்தது ஒரு வரி. தாராளமான ஏடாக இருந்தால் இரண்டு வரி.

வாழ்த்தியவர்களுள் ஒருவர் வாழ்த்தோடு நில்லாது தத்துவமும் சொன்னார். அம்மையாரின் உயர்வு எதை மெய்ப்பிக்கிறது தெரியுமா? ஒருவரின் விதியை வகுப்பது பிறப்பன்று, முயற்சியே என்பதை மெய்ப்பிக்கிறதாம்! அமெரிக்கத் தலைவர் பைடன் வெளியிட்ட அறிக்கையின் சாரம் அது. படித்தோம். மகிழ்ந்தோம் என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் நாம் அதைப் படித்த இடம் சவ்வாது மலை.

பிறப்பினால் உயர்வு தாழ்வு இல்லை என்று நாம் சொல்லும்போது, இருக்கக் கூடாது என்று பொருள். பைடன் சொல்லும்போது, இல்லாமற் போய்விட்டது என்று பொருள். இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு, சவ்வாது மலையின் உச்சிக் குடியிருப்புக்கும் அடிவார மருத்துவமனைக்கும் இடையே உள்ள தொலைவு. அந்தத் தொலைவைப் பேறுகால வேதனையோடு டோலியிலே கடந்த தாய்மார்களைக் கேட்டால், பிறப்பு என்பது என்ன, முயற்சி என்பது என்ன என்று விளக்கமாகச் சொல்வார்கள். முயற்சி இல்லையா இம்மலையிலே? விடியுமுன் எழுந்து சாமைக் கொல்லைக்குப் போகிறாளே, புளி உலுக்கிச் சுமந்து சந்தைக்கு இறங்குகிறாளே, தேனும் கடுக்காயும் தேடி அலைகிறாளே, அவளிடம் எந்த முயற்சி குறைந்தது? குறைந்தது முயற்சி அல்ல, சாலை.

தோழர்கள் நம்மைத் தவறாகக் கருதிவிடக் கூடாது. அம்மையாரின் உயர்வைக் கண்டு நாம் முகம் சுளிக்கவில்லை. 1921லே வகுப்புரிமை ஆணை பிறப்பித்த மரபில் வந்தவர்கள், ஒடுக்கப்பட்டோர் ஒருவர் உயர்ந்தால் அதை எள்ளி நகையாட மாட்டார்கள். மயூர்பஞ்ச் மாவட்டத்து உபர்பேடா என்னும் சிற்றூரிலே பிறந்து, படித்து, பாசனத்துறையிலே இளநிலை உதவியாளராகவும் பின்னர் ஆசிரியையாகவும் பணியாற்றி, 1997லே ராய்ரங்பூரில் கவுன்சிலராகி, சட்டமன்ற உறுப்பினராகி, அமைச்சராகி, 2015லே சார்க்கண்ட் ஆளுநரானவர். வெள்ளை வைசிராய்க்கென்று எழுப்பப்பட்ட 340 அறை மாளிகையிலே ஒரு சந்தால் பெண் குடியேறுவது சிறு செய்தி அன்று.

ஆனால் கேளுங்கள். அவர் வேட்பாளர் என்று அறிவிக்கப்பட்ட 2022 சூன் திங்களிலே, அதே உபர்பேடாவின் ஒரு பகுதிக்கு மின்விளக்கு இல்லை! அறிவிப்பு வந்தது, செய்தியாளர் படை ஓடிற்று, இருள் வெளிச்சத்துக்கு வந்தது, அதன் பின்னரே மின்கம்பங்கள் விரைந்தன. சட்டமன்ற உறுப்பினரையும் அமைச்சரையும் ஆளுநரையும் ஈன்ற ஊருக்கு அந்நிலை என்றால், எவரையும் ஈன்றதாக ஏடுகள் அறியாத ஊர்களின் நிலை என்ன? ஊருக்கொரு குடியரசுத் தலைவரை உண்டாக்கினால்தான் ஊருக்கொரு விளக்கு எரியும் என்றால், இந்தியாவுக்கு எத்தனை இலட்சம் குடியரசுத் தலைவர்கள் வேண்டும்!

"சமூகநீதி பேசுகிறவர்கள் பழங்குடிப் பெண்ணுக்கு எதிராக வாக்களித்தார்களே!" என்று நம்மைப் பார்த்துக் கேலி பேசினர். தி.மு.கழகம் சின்காவை ஆதரித்தது, அ.தி.மு.கழகம் அம்மையாரை ஆதரித்தது, உண்மை. கேலி பேசுவோருக்கு 2012 நினைவிருக்கிறதா? அவ்வாண்டு, மேகாலயத்துக் காரோ பழங்குடியினரான சங்மா இதே பதவிக்கு நின்றார். தம்மைப் பழங்குடியினரின் வேட்பாளர் என்றே அறிவித்துக்கொண்டு நின்றார். பிரணாப் முகர்ஜியிடம் தோற்றார். அன்று முகர்ஜிக்கு வாக்களித்த காங்கிரசு தன் செயலைப் பழங்குடி எதிர்ப்பு என்று எண்ணவில்லை. நம்மவரும் அன்று முகர்ஜிக்கே வாக்களித்தனர், மறைப்பானேன்? சங்மாவை ஆதரித்தவர்கள் மட்டும் பழங்குடிப் பற்றினாலா ஆதரித்தார்கள்? அணியின் கணக்கு, எல்லோருக்கும்! குலம் என்பது கணக்கை மூடும் பட்டுத் துணி. 2012லே தோற்ற பழங்குடியினருக்காக எந்த வெளிநாட்டுத் தலைநகரமும் கண்ணீர் விட்டதாகக் காணோம்.

சின்கா மட்டும் புரட்சி வீரரா என்றால், அல்லர். ஆட்சிப்பணி அதிகாரி, வாஜ்பாயி ஆட்சியிலே நிதி அமைச்சர், 2018 வரை பாரதீய சனதாவிலேயே இருந்தவர். ஆயினும் அவர் தேர்தலிலே ஒரு வினாவை எழுப்பினார்: குடியரசுத் தலைவர் ரப்பர் முத்திரையா, அல்லரா? வெளிநாட்டு ஏடுகள் பெரிதாகப் பேசியிருக்க வேண்டிய வினா அதுதான். யார் அமருகிறார் என்று எழுதினார்களேயன்றி, அமர்ந்து என்ன செய்ய முடியும் என்று எத்தனை பேர் எழுதினார்கள்?

மலைப் பள்ளி ஒன்றிலே, சுவரில் தொங்கும் அம்மையாரின் படத்தைக் காட்டி ஒரு சிறுமி நம்மைக் கேட்டாள்: "அவங்களுக்கு எங்கம்மா ஓட்டுப் போட்டாங்களா சார்?"

இல்லை என்றோம். போட முடியாது என்றோம். பின் கரும்பலகையிலே கணக்கைப் போட்டோம். வாக்களிக்க உரியவர் 4,809 பேர். பாராளுமன்ற உறுப்பினர் 776. சட்டமன்ற உறுப்பினர் 4,033. பாராளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரின் வாக்குக்கும் மதிப்பு 700. நம் சட்டமன்ற உறுப்பினரின் வாக்குக்கு 176. உத்தரப் பிரதேசத்தவரின் வாக்குக்கு 208. சிக்கிம் உறுப்பினரின் வாக்குக்கு 7. இந்த மதிப்புகளுக்கு அடிப்படை 1971ஆம் ஆண்டின் மக்கள்தொகை. எண்ணி முடித்தபோது அம்மையாருக்கு 6,76,803, சின்காவுக்கு 3,80,177. சிறுமியின் தாய்க்கு இதிலே எண் எதுவும் இல்லை. தமிழ்நாட்டின் 234 தொகுதிகளிலே பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்டவை இரண்டு: ஏற்காடு, சேந்தமங்கலம். சவ்வாது மலைக்கு அதுவும் இல்லை. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் என்று மாவட்டம் மாவட்டமாகப் பிளந்து கிடக்கிறது இந்த மலை. எந்தத் தொகுதியிலும் இதன் மக்கள் வாலேயன்றித் தலை அல்லர். (இவர்களை மலையாளி என்று பட்டியல் அழைக்கிறது. மலையை ஆள்பவர் என்று பொருள் கொண்டால் சிரிப்பு வருகிறது. கேரளத்தவர் என்று மயங்கும் அலுவலரிடம் சாதிச் சான்றுக்குப் போனால் அழுகை வருகிறது.)

சரி, வாக்கில்லை, ஆட்சியாவது உண்டா அந்தப் படத்தில் இருப்பவருக்கு? அரசமைப்பின் 74ஆம் பிரிவு சொல்கிறது: அமைச்சரவையின் அறிவுரைப்படியே நடக்க வேண்டும். ஒருமுறை திருப்பி அனுப்பலாம். மீண்டும் வந்தால் ஏற்க வேண்டும். அந்த ஒருமுறையைக் கொண்டே காரியம் செய்தவரும் உண்டு. ஒடுக்கப்பட்ட மக்களிலிருந்து முதன்முதலாக அப்பதவிக்கு வந்த கே. ஆர். நாராயணன், 1997லே உத்தரப் பிரதேச ஆட்சியைக் கலைக்கச் சொன்ன கோப்பைத் திருப்பினார். 1998லே பீகார் கோப்பையும் திருப்பினார். ஏன், முர்மு அம்மையாரே 2017லே சார்க்கண்ட் ஆளுநராக இருந்தபோது, பழங்குடியினரின் நிலப் பாதுகாப்புச் சட்டங்களைத் திருத்த வந்த மசோதாக்களைத் திருப்பி அனுப்பியவர்தாம். தம்மை ஆளுநராக்கிய கட்சியின் ஆட்சி அனுப்பிய மசோதாக்கள் அவை! உலகம் மாலை சூட்டியிருக்க வேண்டிய நாள் அது. ஒரு பூவும் விழவில்லை.

மாளிகைக்குச் சென்ற பின்? 2022 நவம்பரிலே, சிறைகளில் வாடும் ஏழைகளைப் பற்றி நெஞ்சுருகப் பேசினார். அதை நாம் மறக்கவில்லை. ஆனால் 2023 மே 28இல் புதிய பாராளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்டபோது, அப்பாராளுமன்றத்தின் உறுப்பாகவே அரசமைப்பு கூறும் குடியரசுத் தலைவருக்கு அங்கே இடமில்லை. ஆதீனங்களுக்கு இடம் இருந்தது. செங்கோலுக்கு இடம் இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டிலே வனப் பாதுகாப்புத் திருத்தச் சட்டம் அவர் ஒப்பம் பெற்றது. காடுகள் சிலவற்றை முன் அனுமதி என்னும் வேலியிலிருந்து வெளியே விட்ட சட்டம்! காட்டை நம்பி வாழ்வோரின் குரலைக் கேட்க ஒருமுறை திருப்பி அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. நீட் தேர்விலிருந்து விலக்குக் கோரித் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் மறுக்கப்பட்டது என்று 2025 ஏப்ரல் 4இல் சட்டமன்றத்திலே முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். மருத்துவராக வேண்டும் என்று கனவு காணும் மலைச் சிறுமியின் கதவை மூடிய ஆணை, எந்தப் பெயரால் வந்தது? அவள் பள்ளிச் சுவரில் தொங்கும் படத்தின் பெயரால்! கை டில்லி அமைச்சரவையின் கை. பெயர் சந்தால் பெண்ணின் பெயர். பழங்குடியினர்க்குப் பெருமை தருகிறோம் என்று சொல்லி, பழங்குடியினர் பெயராலேயே கதவடைக்கும் இந்தச் சூழ்ச்சிக்கு ஈடு எங்கே தேடுவது?

கடல் கடந்து பாருங்கள். 2005லே பொலிவியாவிலே எவோ மொராலசு என்னும் அய்மாரா இனத்தவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவரை 4,809 பேர் அல்ல, நாட்டு மக்களே நேராக வாக்களித்து அமர்த்தினர். அதிகாரம் உள்ள நாற்காலி. 2006 மே முதல் நாள், மண்ணுக்கடியிலுள்ள எரிவாயு மக்களுக்கே உரியது என்று ஆணை பிறப்பித்தார். அன்று எங்கே போயிற்று உலகத்தின் வாழ்த்து? எண்ணெய்க் குழுமங்கள் கொதித்தன, ஸ்பெயின் முணுமுணுத்தது, பெருஞ்செல்வ ஏடுகள் புருவம் நெரித்தன. பழங்குடியினர் நாற்காலியில் அமர்ந்து புன்னகைத்தால் மக்களாட்சியின் மாண்பு. அமர்ந்து எரிவாயுவைத் தொட்டால் ஆபத்து! பிறப்பன்று முயற்சியே என்று நமக்குப் பாடம் சொன்ன அமெரிக்காவிலே, அந்த மண்ணின் பூர்வ குடிகள் அனைவருக்கும் குடியுரிமை கிடைத்ததே 1924லேதான். அந்நாட்டின் தலைமை நாற்காலியிலே ஒரு பெண்ணையும் இதுவரை கண்டோமில்லை. 2016இலும் 2024இலும் முயன்றார்கள். முயற்சி போதவில்லை போலும்!

இதே சவ்வாது மலையிலே, காவலூரிலே, வானைப் பார்க்கும் பெருங்கண் ஒன்றிருக்கிறது. யுரேனசுக் கோளைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பதற்கு 1977லே சான்று கண்ட இடங்களுள் அதுவும் ஒன்று. 1986லே 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே நிறுவப்பட்டது. எத்தனை கோடி மைலுக்கு அப்பாலுள்ள வளையத்தையும் காட்டுகிறது. காலடியிலுள்ள குடிசையைக் காட்டுவது அதன் வேலை அன்று. அது கருவி, குற்றம் இல்லை. வெளிநாட்டு ஏடுகளை அப்படி மன்னிக்க முடியுமா? 2015 ஏப்ரல் 7இல், சேசாசலம் காட்டிலே ஆந்திரக் காவல்துறையின் குண்டுக்கு 20 பேர் இரையாயினர். யாவரும் தமிழ்நாட்டினர், சவ்வாது மலையினரும் அவர்களுள் உண்டு. கூலிக்கு மரம் வெட்டச் சென்றவர்கள் என்பர். வேறு கூலி கிடைத்திருந்தால் செல்வரா என்று கேட்டவர் சிலரே. அச்செய்தியும் வெளிநாட்டு ஏடுகளிலே வந்தது. வந்து, போயிற்று. 2022லே பழங்குடியினரின் உயர்வைப் பாடியவர்களுள் ஒருவரேனும் அந்த இருபது பிணங்களை நினைத்திருந்தால், மாலையிலே ஒரு முள்ளாவது இருந்திருக்கும்.

2024 பிப்ரவரியிலே இம்மலையில் ஒரு செய்தி பரவியது. புலியூரைச் சார்ந்த இருபத்து மூன்று வயதுப் பெண் உரிமையியல் நீதிபதித் தேர்விலே வென்றார். பிள்ளை பெற்ற இரண்டாம் நாள், சென்னைக்குச் சென்று தேர்வு எழுதியவர். தமிழ் வழியில் படித்தோருக்கு அரசு வேலையில் முன்னுரிமை அளிக்கும் சட்டம் நம் நாட்டிலே இருக்கிறது. அது அவருக்குத் துணை நின்றது. அவர் அமரப்போகும் நாற்காலி சிறியது. ஆனால் அங்கே எழுதும் தீர்ப்பு அவருடைய தீர்ப்பாக இருக்கும், எந்த அமைச்சரவையின் அறிவுரையும் அதற்கு வேண்டியதில்லை. அன்று வாஷிங்டனிலிருந்து தந்தி எதுவும் வரவில்லை. ஊரார் மேளம் கொட்டி, மாலை சூட்டி அழைத்துப் போனார்கள்.