அயர்லாந்தைக் காட்டி எங்களை அடிக்காதீர்கள்

மலேசியாவின் கம்போங் ராஜாவில் போன வாரம் நடந்த கூட்டத்தில் நண்பர் ஒருவர் முழங்கினார்: "அயர்லாந்துக்காரனும் வெள்ளைக்காரனுக்கு அடிமைப்பட்டவன்தான், பஞ்சத்தில் செத்தவன்தான். வாயை மூடிக்கொண்டு உழைத்தான், கென்னடி ஆனான். நீங்கள் மட்டும் ஏன் இன்னும் தோட்டத்து லயத்திலேயே கிடக்கிறீர்கள்?" கைதட்டல் பலமாக விழுந்தது. தட்டியவர்களில் பலர் லயத்தில் பிறந்தவர்கள். அதுதான் எனக்கு வலித்தது.

பஞ்சம் உண்மை. 1845 முதல் 1852 வரை உருளைக்கிழங்கு அழுகி ஏறத்தாழ 10 லட்சம் பேர் மாண்டார்கள். இன்னொரு 10 லட்சம் பேர் கப்பலேறினார்கள். அப்போது லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்து நிவாரணத்தைக் கிள்ளிக் கொடுத்த சார்லஸ் ட்ரெவெல்யன்தான் 1859இல் நம் சென்னை மாகாணத்துக்குக் கவர்னராக வந்தார். ஆக, ஆண்ட துரைமார்கூட ஒரே ஆட்கள். அதுவரை நண்பரின் ஒப்பீடு சரி. அதற்கு மேல் அவர் படித்த புத்தகத்தில் பக்கங்கள் கிழிந்திருக்க வேண்டும்.

போஸ்டனில் இறங்கிய கென்னடியின் கொள்ளுத்தாத்தாவுக்குக் குடியுரிமைக் கதவு திறந்தே இருந்தது. 1790ஆம் ஆண்டுச் சட்டம் அதை வெள்ளைத் தோலுக்கென்றே திறந்து வைத்திருந்தது. ஐந்தாண்டு தங்கினால் ஓட்டு. ஓட்டைக் காட்டினால் நகராட்சியிலும் போலீசிலும் வேலை. மலாயாத் தோட்டத்துக்கு வந்த நம் பாட்டனுக்குக் கிடைத்தது ஆள் சேர்த்த கங்காணியிடம் கடனும், விடியற்காலைப் பெரட்டு எனும் ஆள்கணக்கும். சுதந்திரத்துக்குப் பிறகும் குடியுரிமைத் தாள் இல்லாதவர்களை 1969இல் வேலை பெர்மிட் விதி மடக்கியது. மலாயாவிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் அதில் உண்டு. பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள்.

'வாயை மூடிக்கொண்டு' என்றாரே, அது பச்சைப் பொய். 1880இல் அயர்லாந்தில் ஒரு நிலப்பிரபுவின் ஏஜெண்டுக்கு அறுவடை செய்ய ஆள் வரவில்லை, கடையில் சாமான் தரவில்லை. அவர் பெயர் சார்லஸ் பாய்காட். பெயரே புறக்கணிப்புக்குச் சொல்லாகிவிட்டது! நிலத்துக்காக அவர்கள் விடாமல் மல்லுக்கட்டியதால்தான் 1903இல் அரசே கடன் கொடுத்து, குத்தகைக்காரர்கள் நிலத்தை வாங்க வழி செய்தது.

நாமும் சும்மா இருக்கவில்லை. 1941இல் கிள்ளான் தோட்டங்களில் வேலைநிறுத்தம். துரையைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும் கோரிக்கைகளில் ஒன்று. பட்டாளம் வந்தது, சுட்டது, தலைவர் ஆர். எச். நாதன் நாடுகடத்தப்பட்டார். நிலம் யாருக்கும் கிடைக்கவில்லை. வேலை போனால் லயத்து வீடும் போகும், அதுதான் தோட்டத்துச் சட்டம்.

நண்பர் அடுத்த கூட்டத்துக்கு அயர்லாந்தை அழைத்து வருவதானால், அந்த 1903ஆம் ஆண்டுச் சட்டத்தையும் கையோடு கொண்டு வரட்டும். கையெழுத்துப் போட இங்கே ஆள் இருக்கிறது.