தோஹாவில் ஏவுகணை, கரிசலில் கடன்

2025 ஜூன் 23, இரவு பத்து மணிக்கு மேல் இருக்கும். கோவில்பட்டிப் பக்கத்தில் எங்கள் ஊர். தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போய்வந்த சித்தி, வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். நான் கைப்பேசியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தாரில் உள்ள அல் உதெய்த் அமெரிக்க விமானத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணைகளை வீசியிருந்தது. கத்தார் வான்வெளியை மூடிவிட்டது. சித்தியின் மகன் தோஹாவில் கட்டட வேலை செய்கிறான்.

ஒருவழியாக அவனே கூப்பிட்டான். "யக்கா, ஒண்ணுமில்ல. வானத்துல வெளிச்சமாத் தெரிஞ்சது, சத்தம் கேட்டது, அம்புட்டுதான். நாளைக்கு வேலை உண்டுமான்னுதான் தெரியல. அம்மாட்ட சொல்லிராத." சித்தி பக்கத்திலேயேதான் இருந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி: "வட்டிக்காரனுக்கு இந்த மாசம் என்ன சொல்ல?"

வல்லரசுப் போட்டியைப் பற்றித் தொலைக்காட்சிகளில் பேசுகிறவர்கள் வரைபடத்தை விரித்துவைத்துப் பேசுகிறார்கள். ஈரான் ஏற்றுமதி செய்யும் எண்ணெயில் பெரும்பகுதியைச் சீனா வாங்குகிறது. 2025 ஜனவரியில் ரஷ்யா ஈரானோடு கூட்டாண்மை ஒப்பந்தம் போட்டது. வளைகுடா நாடுகளில் அமெரிக்கா படைத்தளங்களை வைத்திருக்கிறது. ஜூன் 13 அன்று ஈரானை இஸ்ரேல் தாக்கியது. 22 அன்று அமெரிக்கா ஈரானின் அணுசக்தி நிலையங்கள் மீது குண்டு வீசியது. இதெல்லாம் உண்மை. ஆனால் அந்த வரைபடத்தில், படைத்தளங்களுக்கு நடுவே சாரம் கட்டி நிற்கும் கட்டடங்களும் அவற்றின் மேல் நிற்கும் ஆட்களும் தெரிவதில்லை. அந்த ஆட்கள் எங்கிருந்து, ஏன் போனார்கள் என்று கேட்டால், நாம் சாதிக்குத்தான் வந்து சேர்வோம்.

கரிசல் மானாவாரி பூமி. ஐப்பசி மழை பெய்தால் பருத்தியும் உளுந்தும் உண்டு, பொய்த்தால் இல்லை. அந்த நிலமும் பெரும்பாலும் நம்முடையதாக இருந்ததில்லை. நிலக்காரரின் தயவில்லாமல் வாழ எங்கள் தெருக்களுக்குக் கிடைத்த சில வழிகளில் வளைகுடா ஒன்று. ஓட்டப்பிடாரம் வட்டத்தின் கொடியங்குளம் அதற்குச் சாட்சி. வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் ஓரளவு நிமிர்ந்த ஊர் அது. 1995 ஆகஸ்ட் 31 அன்று உள்ளே புகுந்த காவல்துறை அடித்து நொறுக்கியவை தொலைக்காட்சிப் பெட்டிகள், மின்விசிறிகள், தையல் எந்திரங்கள். எரித்தவற்றில் படித்த இளைஞர்களின் சான்றிதழ்களும் பாஸ்போர்ட்டுகளும் இருந்தன. பாஸ்போர்ட்டை ஏன் எரிக்க வேண்டும்? ஊரைவிட்டு வெளியே போகும் வழி அதில்தான் இருந்தது.

அன்று அரசின் காவலர்கள் கொளுத்திய அதே வழியை, இன்று நம்மை யாரென்றே அறியாத வல்லரசுகள் அடைக்கின்றன. இரண்டும் ஒன்றல்ல. முன்னதில் வன்மம் இருந்தது. பின்னதில் நாம் கணக்கிலேயே இல்லை. அடைபடும் வழி மட்டும் ஒன்றுதான்.

1990இல் குவைத்தை ஈராக் பிடித்தபோது, ஏறத்தாழ 1,70,000 இந்தியர்கள் பெரும்பாலும் அம்மான் வழியாக விமானங்களில் மீட்கப்பட்டார்கள். பெரிய சாதனைதான். ஆனால் மீட்பு விமான நிலையத்தோடு முடிந்துவிடுகிறது. கடன் அங்கே முடிவதில்லை. பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகக் குடியேற்ற அனுமதி பெற வேண்டும். 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' காப்பீடு அவருக்குக் கட்டாயம். விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமுற்றாலோ 10 லட்சம் ரூபாய். தன் தவறில்லாமல் இடையில் வேலை போனால் திரும்பிவர விமானக் கட்டணமும் கேட்கலாம். போர் வந்து வேலை போனவருக்கு வரவேண்டிய கூலிக்கும், ஊரில் ஏறும் வட்டிக்கும் அதில் இடமில்லை.

வெளியே போகாதவர்களையும் இந்தப் போட்டி விடுவதில்லை. 2021 முதல் சீனா பாஸ்பேட் உர ஏற்றுமதியை அவ்வப்போது இறுக்கிவருகிறது. 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட, சரக்குக் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றத் தொடங்கின. விதைப்புக்கு முன் டிஏபி மூட்டைக்கு அடிதடி. சிட்டா, அடங்கல் கையில் உள்ளவருக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் வரிசையாவது உண்டு. வாய்ப்பேச்சில் குத்தகைக்கு உழுகிறவர் தனியார் கடைக்காரர் சொல்லும் விலைக்குத்தான் வாங்க வேண்டும். தட்டுப்பாடு எல்லோருக்கும் பொது என்பார்கள். யார் பெயரில் பட்டா இருக்கிறது என்று பாருங்கள்.

1951இல் அமைச்சர் பதவியிலிருந்து விலகியபோது அம்பேத்கர் சொன்ன காரணங்களில் வெளியுறவுக் கொள்கையும் ஒன்று. ஆண்டு வருவாய் 350 கோடியில் 180 கோடி ராணுவத்துக்குப் போகிறது என்று அவர் கணக்குக் காட்டினார். நண்பர்கள் இல்லாத நாடு கொடுக்கும் விலை அது என்றார். நேருவின் கொள்கை மீதான அவருடைய விமர்சனம் முழுவதையும் நாம் ஏற்கலாம், மறுக்கலாம். வெளியுறவு என்பது மேல்தட்டின் விளையாட்டல்ல, பசித்தவரின் வயிற்றுக் கணக்கு என்ற அவருடைய பார்வையை விட்டுவிடக் கூடாது.

நம் தோழர்களிடமும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. போர் மூண்டதும் நாமும் அணி பிரிகிறோம். ஒருவர் வாஷிங்டனைத் திட்டுகிறார், இன்னொருவர் பெய்ஜிங்கை. எந்தத் தலைநகரமும் நமக்காகப் போரிடவில்லை. நாம் கேட்க வேண்டியவை வேறு: போரால் வேலையிழந்து திரும்புகிறவரின் பயணக் கடனுக்கு அரசு பொறுப்பேற்க வேண்டும், பாக்கிக் கூலியைத் தூதரகம் வாங்கித் தர வேண்டும், காப்பீட்டில் இவை எழுத்தில் வர வேண்டும், உழுகிறவர் யாரோ அவருக்குச் சிட்டா கேட்காமல் உரம் கிடைக்க வேண்டும். பாதுகாப்பு என்ற சொல்லை நாட்டின் எல்லையிலிருந்து நம் தெருவரை இழுத்துவர வேண்டும்.

மூன்று மாதம் ஆவதற்குள், செப்டம்பர் 9 அன்று, இஸ்ரேல் அதே தோஹாவில் குண்டு வீசியது. சித்தி மறுபடி வாசலில் உட்கார்ந்தார். தம்பி கூப்பிட்டான். இந்த முறை, அம்மாவிடம் சொல்லாதே என்று அவன் சொல்லவில்லை. "வட்டிக்கு இருபதாந் தேதி வரைக்கும் தவணை கேளுக்கா" என்றான்.