கையில் அட்மிஷன், கணக்கில் பணம் இல்லை: வடசென்னை மாணவர்களின் விசா எங்கே சிக்குகிறது?

காசிமேட்டிலோ எண்ணூரிலோ ஒரு வீட்டுப் பிள்ளைக்கு பிரிட்டனில் எம்.எஸ்சி. சீட் கிடைச்சாச்சு. ஆஃபர் லெட்டர் மெயிலில் இருக்கு. ஐஇஎல்டிஎஸ் ஸ்கோரும் ஓகே. இனி விசாதானே என்று வீட்டில் நிம்மதி ஆகும்போதுதான் உண்மையான தேர்வு தொடங்குகிறது. இந்தத் தேர்வை எழுதப்போவது மாணவர் இல்லை, குடும்பத்தின் வங்கிக் கணக்கு.

எவ்வளவு பணம் காட்டணும்?

பிரிட்டனில் 2025 நவம்பர் 11 முதல் வாழ்க்கைச் செலவுக்கு லண்டனில் மாதம் 1,529 பவுண்டு, மற்ற ஊர்களில் 1,171 பவுண்டு என 9 மாதத்துக்குக் காட்ட வேண்டும். லண்டனுக்கு வெளியே என்றால் 10,539 பவுண்டு. நம்ம கணக்கில் சுமார் 12 லட்சம் ரூபாய். கட்ட வேண்டிய பாக்கி ஃபீஸ் இதற்கு மேல்.

மற்ற நாடுகளும் சளைத்தவை அல்ல. ஜெர்மனி ஆண்டுக்கு 11,904 யூரோ கேட்கிறது. ஆஸ்திரேலியா 2024 மே மாதம் தொகையை 29,710 டாலராக உயர்த்தியது. கனடாவில் 10,000 டாலராக இருந்தது 2024 ஜனவரியில் 20,635 ஆகி, 2025 செப்டம்பரில் 22,895 ஆனது.

28 நாள் கணக்கு என்ன?

பிரிட்டன் விசாவுக்கு அந்தப் பணம் மாணவர் அல்லது பெற்றோர் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு நாள் குறைந்தாலும் விசா மறுக்கப்படலாம். மாமா, சித்தப்பா கணக்கில் எவ்வளவு இருந்தாலும் செல்லாது. நகையை அடகு வைத்த பணமோ, சீட்டு எடுத்த பணமோ, கணக்கில் போட்டு 28 நாள் தொடாமல் வைத்திருக்க வேண்டும்.

வடசென்னைக்கு என்ன கூடுதல் சிக்கல்?

முதலாவது, காலம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக் குடும்பங்களுக்கு வருமானம் நிற்கும், படகு பழுதுபார்க்கும் செலவும் அப்போதுதான் வரும். செப்டம்பர் அட்மிஷனுக்குப் பணத்தைப் பூட்டி வைக்க வேண்டியதும் அதே கோடையில்தான்.

இரண்டாவது, பிணையம். ரூ.7.5 லட்சத்துக்கு மேல் கல்விக்கடன் என்றால் பொதுத்துறை வங்கிகள் பொதுவாக சொத்துப் பத்திரம் கேட்கும். வாரியக் குடியிருப்பில் பல ஆண்டுகளாக வாழ்ந்தாலும், கையில் இருப்பது ஒதுக்கீட்டு ஆணை மட்டும் என்றால் வங்கிக்கு அது போதாது. புறம்போக்கில் வீடு கட்டியவர்களிடம் பட்டாவே இருக்காது. சொத்து இல்லாமல் கடன் தரும் நிதி நிறுவனங்கள் உண்டு. ஆனால் அங்கே வட்டி அதிகம்.

இந்த இடைவெளியில் நுழைபவர் யார்?

"பேலன்ஸ் நாங்க காட்டிக்கறோம், நீங்க கமிஷன் மட்டும் கொடுங்க" என்று சொல்லும் ஏஜென்ட். மாட்டினால் தண்டனை ஏஜென்ட்டோடு நிற்காது. விண்ணப்பத்தில் கையெழுத்து மாணவருடையது. பிரிட்டனை ஏமாற்ற முயன்றதாக முடிவானால் 10 ஆண்டு வரை தடை வரலாம், கனடாவில் 5 ஆண்டு. அமெரிக்காவில் அது நிரந்தரத் தடையாகவே ஆகலாம்.

இதற்கு எடுத்துக்காட்டு 2023-ல் வெளிவந்தது. ஜலந்தர் ஏஜென்ட் பிரிஜேஷ் மிஸ்ரா கொடுத்த போலி அட்மிஷன் கடிதங்களால் கனடா சென்ற இந்திய மாணவர்கள் நாடுகடத்தப்படும் நிலைக்கு வந்தார்கள். ஆண்டுக்கணக்கில் படித்து முடித்து, நிரந்தரக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோதுதான் பலருக்கு விஷயமே தெரிந்தது. 2024-ல் மிஸ்ராவுக்கு கனடா நீதிமன்றம் 3 ஆண்டு சிறை விதித்தது.

நேர்வழி இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் இல்லை. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கு ஆண்டுக்கு ரூ.36 லட்சம் வரை தருகிறது. மத்திய அரசின் தேசிய அயலக உதவித்தொகை ஆண்டுக்கு 125 பேருக்கு. அதிலும் 2025 ஜூலையில் தேர்வான 106 பேரில் முதலில் 40 பேருக்கு மட்டுமே தற்காலிகக் கடிதம் போய், நிதி இல்லை என்ற சர்ச்சை எழுந்தது. மிகப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு பொதுவாக இந்த இரண்டு கதவும் திறப்பதில்லை.

அவர்களுக்கு மீதி இருப்பது கல்விக்கடன். இதில் ஒரு வசதி உண்டு. அங்கீகரிக்கப்பட்ட வங்கியின் கடன் ஒப்புதல் கடிதம் இருந்தால், அந்தத் தொகைக்கு பிரிட்டன் 28 நாள் விதியைப் பார்ப்பதில்லை. கடிதம் 6 மாதத்துக்குள் வாங்கியதாக இருந்தால் போதும். அதனால் செப்டம்பரில் படிக்கப் போகிறவர் ஆஃபர் லெட்டர் வந்த கையோடு, தடைக்காலம் தொடங்கும் முன்பே வங்கிக்குப் போய்விடுவது நல்லது. எந்த ஆவணம் குறைகிறது என்பது ஜூலையில் தெரிந்தால் ஒரு வருடம் போகும். பிப்ரவரியில் தெரிந்தால் சரிசெய்ய நேரம் இருக்கும்.