பேயும் இல்லை, பெற்றவள் குற்றமும் இல்லை



நம் விழுப்புரம், திண்டிவனம் பக்கம் கல்லூரி போகிற பிள்ளை தனக்குள் பேசினாலோ, யாரோ திட்டுகிற குரல் கேட்கிறது என்றாலோ, முதலில் மந்திரிக்கத்தான் கூட்டிப்போகிறோம். இல்லையென்றால் வளர்ப்பு சரியில்லை என்று தாயைக் குத்திக்காட்டுகிறோம். இரண்டும் தப்பு.

மனச்சிதைவு மூளையைப் பாதிக்கும் நோய். மூளையின் மேலுறையான புறணி 2 முதல் 4 மில்லிமீட்டர் தடிமன்தான். இந்நோய் உள்ளவர்களுக்கு அது சராசரியாகச் சற்று மெலிந்திருப்பதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டுகின்றன. மூளையின் நுண்ணிய இரத்தக்குழாய்களுக்கும் இதில் பங்கு உண்டா என்று ஆராய்கிறார்கள். அதற்காக ஸ்கேன் சென்டருக்கு ஓடாதீர்கள். ஸ்கேனை மட்டும் வைத்து இந்நோயை உறுதிசெய்ய முடியாது. மனநல மருத்துவர் பேசிப் பார்த்துத்தான் சொல்வார்.

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். 2017 மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது.

சாமி கும்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ முதலில் போங்கள். 14416 என்ற இலவச எண்ணிலும் பேசலாம். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

சர்க்கரை மாத்திரையை நாம் மறைத்தா போடுகிறோம்? இதற்கு மட்டும் ஏன் வெட்கம்? துணைக்கு ஆள் வேண்டுமென்றால் கூப்பிடுங்கள், நான் வருகிறேன்.