காது கொடுக்கும் படிப்பு

பிளஸ் டூ பரீட்சை முடிவு வெளியானதும் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டைப் பக்கத்து வீடுகளில் என்ன பேச்சு நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. டாக்டர் படிப்புக்கு மதிப்பெண் போதாது என்று ஆகிவிட்ட பெண்ணுக்கு மாமா ஒரு யோசனை சொல்வார், சித்தி ஒரு யோசனை சொல்வாள். இஞ்சினீயரிங், நர்ஸிங், பார்மஸி என்று ஜாபிதா நீண்டுகொண்டே போகும். அந்த ஜாபிதாவில் அநேகமாக யாரும் சேர்க்காத ஒரு படிப்பைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

காது எவ்வளவு கேட்கிறது என்று சோதிப்பது, பேச்சு வராதவர்களுக்குப் பேச்சு வரச் செய்வது, இந்த இரண்டையும் சேர்த்துக் கற்றுத் தரும் பட்டப்படிப்பு அது. 'பி.ஏ.எஸ்.எல்.பி.' என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். விஞ்ஞானப் பாடம் எடுத்துப் படித்த பெண்கள் சேரலாம். மூன்று வருஷம் பாடம்; நான்காவது வருஷம் நேரடிப் பயிற்சி.

"இதற்கெல்லாமா ஒரு படிப்பு?" என்று கேட்கிறீர்களா? சற்று யோசித்துப் பாருங்கள். இரண்டு வயதாகியும் 'அம்மா' என்று சொல்லாத குழந்தை; வகுப்பில் எழுந்து நின்றால் திக்குகிற பையன்; அண்ணப் பிளவோடு பிறந்த சிசு; பக்கவாதம் வந்து, நினைப்பதைச் சொல்ல வார்த்தை கிடைக்காமல் கண் கலங்கும் தாத்தா; வாய்க் கஞ்சி விழுங்கினால் புரை ஏறும் பாட்டி. இவர்கள் எல்லோருக்கும் வேண்டியவள் இந்தப் படிப்புப் படித்த பெண்தான்.

நம் வீடுகளில் குழந்தை பேசவில்லை என்றால் முதலில் என்ன செய்கிறோம்? வசம்பை உரைத்து நாக்கில் தடவுகிறோம். "இவன் அப்பனும் மூன்று வயதில்தான் பேசினான்" என்று பாட்டி சமாதானம் சொல்கிறாள். கோயிலுக்கு வேண்டிக்கொள்கிறோம். குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசாமலிருந்து, திருச்செந்தூர் முருகன் சந்நிதியில் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்று கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா நாம்? வேண்டிக்கொள்வதில் தவறே இல்லை. ஆனால் வேண்டுதல் வேறு, காத்திருப்பது வேறு. வேண்டிக்கொண்டு வருகிற வழியில் காதையும் சோதித்துவிட்டால் எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது.

ஏன் இப்படி அவசரப்படுத்துகிறேன் தெரியுமா? ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஒன்றிரண்டுக்காவது பிறவியிலேயே காது சரியாகக் கேட்பதில்லை. பேச்சு என்பது காதின் வழியாகத்தான் நாவுக்கு வருகிறது. முதல் இரண்டு மூன்று வருஷங்களில் மூளை மொழியைப் பிடித்துக்கொள்வது போல் பிறகு பிடித்துக்கொள்வதில்லை. அதனால்தான் நிபுணர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை ஆரம்பம்.

தட்டைத் தட்டினால் குழந்தை திரும்பிப் பார்க்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். தட்டுச் சத்தம் கேட்கும் குழந்தைக்கு 'ச', 'ப' போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான கருவி இருக்கிறது. தூங்கும் குழந்தையின் காதில் சிறு குமிழ் ஒன்றை வைத்து மெல்லிய ஒலி அனுப்புவார்கள். உட்செவி நன்றாக இருந்தால் அதுவே ஒரு சிறிய ஒலியைத் திருப்பி அனுப்பும்! காது கேட்பதோடு நிற்காமல் ஒலியும் எழுப்புகிறது என்று 1978-ல் லண்டனில் டேவிட் கெம்ப் என்ற விஞ்ஞானி காட்டினார். குழந்தைக்கு ஊசியும் இல்லை, வலியும் இல்லை. சில நிமிஷங்களில் முடிந்துவிடும்.

சரி, படிப்பு எங்கே கிடைக்கும்? தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் பொத்தேரியில் இறங்கிப் போய்ப் படிக்கலாம்; போரூரிலும் இடம் உண்டு. மைசூரில் 1965-ல் ஆரம்பித்த அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் தேசத்துக்கே முன்னோடி.

மத ஸ்தாபனங்கள் நடத்தும் இடங்களில் படிக்க வைக்கலாமா என்று சில தாய்மார்கள் தயங்குகிறார்கள். தாம்பரத்துக்காரர்களுக்கு இந்தத் தயக்கம் வருவது வேடிக்கைதான். 1937-ல் இங்கே குடிவந்த கிறிஸ்தவக் கல்லூரியில் எல்லா ஜாதி, மதப் பிள்ளைகளும் படித்துத்தானே வருகிறார்கள்? அது கலை, விஞ்ஞானக் கல்லூரி. நான் சொல்லும் படிப்புக்கு ஆஸ்பத்திரி கூடவே இருக்க வேண்டும். அப்படி ஓர் இடம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. மங்களூரில் கத்தோலிக்கர்களின் பாதர் முல்லர் நிறுவனமும் உண்டு.

வேலூரின் கதையைக் கேளுங்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் பிரசவ வேதனையில் இருந்த மூன்று பெண்களுக்காக உதவி கேட்டு வந்த கணவன்மார்கள், "ஆண் டாக்டர் வேண்டாம்" என்று திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதைக் கண்ட இளம் பெண் ஐடா ஸ்கட்டர், பிரார்த்தனையோடு நின்றுவிடாமல் அமெரிக்கா சென்று டாக்டருக்குப் படித்துத் திரும்பி, 1900-ல் வேலூரில் ஒரே கட்டிலோடு வைத்தியம் ஆரம்பித்தார். அந்த வித்துத்தான் இன்றைய கல்லூரி.

எந்தக் கல்லூரியானாலும் பணம் கட்டுமுன் சில விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா? 1992-ம் வருஷச் சட்டப்படி அந்தக் கவுன்சிலில் பதிவு பெற்றால்தான் தொழில் செய்யலாம். தினமும் எத்தனை நோயாளிகள் வருகிறார்கள்? படித்து முடித்தபின் குறிப்பிட்ட காலம் அவர்கள் சொல்லும் இடத்தில் வேலை பார்க்க வேண்டுமென்று ஒப்பந்தம் உண்டா?

படிப்பு இங்கிலீஷில்தான். ஆனால் வேலை தமிழில்! ல, ள, ழ மூன்றையும் பிரித்துச் சொல்லித் தர, வீட்டில் சுத்தமாகத் தமிழ் பேசி வளர்ந்த பெண்ணுக்கு நிகர் யார்? பொறுமை மட்டும் நிறைய வேண்டும். ஒரே ஒரு எழுத்துக்காக ஒரு மாதம் போராட நேரும்.

இதில் தாய்க்கும் பங்கு உண்டு. 1969-ல் தொடங்கி, இன்று சாஸ்திரி நகரில் நடக்கும் பால வித்யாலயாவில் காது கேளாத குழந்தையோடு தாயும் உட்கார்ந்து கற்றுக்கொள்கிறாள். காதுக்குள் கருவி பொருத்தும் ஆபரேஷனுக்குச் சிறு குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் உதவி கிடைக்கிறது. ஆனால் ஆபரேஷனோடு வேலை முடிவதில்லை. கேட்கப் பழக்குவதும் பேசப் பழக்குவதும் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் நடக்க வேண்டும். அதைச் சொல்லித் தரப் படித்த பெண்கள் வேண்டும்.

ஆகவே, வீட்டில் பிளஸ் டூ முடித்த பெண் இருந்தால் இந்தப் படிப்பின் பெயரையும் ஜாபிதாவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அக்கம்பக்கத்தில் பேசத் தாமதமாகும் குழந்தை இருந்தால், "எல்லாம் தானே சரியாகிவிடும்" என்று சொல்லாமல், அடுத்த வாரத்துக்குள் காதைச் சோதிக்க அழைத்துப் போகச் சொல்லுங்கள். துணைக்கு ஆள் இல்லையென்றால் நீங்களே கூடப் போய் வாருங்களேன்!