வெட்கத்துக்குக் கத்தி வைத்தியமல்ல

சில வருடங்களுக்கு முன், மொன்றியலில் பனி கொட்டிய ஒரு மாசி மாத இரவில் என்னிலும் இளைய நண்பன் ஒருவன் தொலைபேசியில் அழைத்தான். அவன் மனைவிக்குப் பிள்ளை பிறந்து இரண்டு நாள். "அண்ணை, ஆணோ பெண்ணோ எண்டு இன்னும் சொல்லேலாதாம்" என்றான். பிறகு கதை வரவில்லை.

நான் உடனே சொன்னேன்: "ஒண்டுக்கும் யோசியாதை. இந்த நாட்டிலை எல்லாத்துக்கும் ஒப்பரேசன் இருக்கு. கெதியாச் செய்துபோட்டால் ஒருத்தருக்கும் தெரியவராது."

அந்த "ஒருத்தருக்கும்" என்ற சொல்லுக்குள் ஊர்ச்சனம் இருந்தது, உறவினர் இருந்தனர், நானும் இருந்தேன். பிள்ளை மட்டும் இல்லை. அந்தக் குடும்பத்தைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு உரிமையில்லை. இவ்வளவும் அவன் சம்மதத்தோடு எழுதுவது. ஆனால் என் பதிலை நானே எதிர்த்து எழுத எனக்கு உரிமை உண்டு.

என் தொழில் கணினி ஆலோசனை. "பால்" என்ற கட்டத்தைக் கட்டாயமாக்கி, இரண்டே தெரிவுகள் வைத்து எத்தனையோ படிவங்களை வடிவமைத்திருக்கிறேன். வந்த தரவு படிவத்துக்குப் பொருந்தாவிட்டால் படிவத்தைத்தான் திருத்த வேண்டும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி. வெளிநாட்டில் முதுகலை படித்த எனக்கு, ஒரு பிள்ளையின் உடல் என்று வந்ததும் அது மறந்துபோயிற்று.

முதலில் ஒன்றைத் தெளிவாக்குவோம். பிறப்புறுப்பு வழமையான அமைப்பில் இல்லாமல் பிறக்கும் பிள்ளைகளில் சிலருக்கு அவசர வைத்தியம் தேவை. அட்ரினல் சுரப்பிக் கோளாறு ஒன்றில் உடலின் உப்பு வெளியேறி, முதல் சில வாரங்களிலேயே உயிராபத்து வரலாம். அதற்கு வேண்டியது ஹோர்மோன் மருந்து. சிறுநீர் போகும் வழி அடைபட்டிருந்தால் சத்திரசிகிச்சை வேண்டும். இவற்றை எவரும் எதிர்க்கவில்லை. நான் எதிர்ப்பது, பார்வைக்கு "சரியாக" இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் பச்சைக் குழந்தையில் செய்யப்படும் வெட்டலையும் தைத்தலையும். தழும்பு, உணர்விழப்பு, சில வேளைகளில் மலட்டுத்தன்மை என்று அதன் விலையைப் பிள்ளைதான் வாழ்நாள் முழுவதும் கட்டுகிறது. வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

"சின்னனிலேயே மாற்றினால் பிள்ளை பழகிவிடும்" என்ற எண்ணத்துக்குக் கனடாவிலேயே ஒரு பாடம் உண்டு. வின்னிபெக்கில் 1965இல் பிறந்த டேவிட் ரீமர் இடைப்பாலினர் அல்லர். சுன்னத்துச் சத்திரசிகிச்சையில் நேர்ந்த விபத்தால் ஆணுறுப்பை இழந்த அவரை, அமெரிக்க உளவியலாளர் ஜோன் மணியின் ஆலோசனைப்படி பெண்ணாக வளர்த்தார்கள். அது வெற்றி என்று மருத்துவ உலகுக்குச் சொல்லப்பட்டது. டேவிட்டோ பதின்ம வயதிலேயே அந்த வாழ்வை உதறி ஆணாக வாழத் தொடங்கினார். 2004இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

அப்படியிருந்தும் கனடாவின் குற்றவியல் சட்டம் இதில் கண்ணை மூடிக்கொள்கிறது. பெண் உறுப்புச் சிதைப்பைத் தடுக்க 1997இல் கொண்டுவந்த பிரிவிலேயே, "இயல்பான" பாலியல் தோற்றத்துக்காக மருத்துவர் செய்யும் சத்திரசிகிச்சைக்கு விதிவிலக்கு எழுதப்பட்டிருக்கிறது. எது இயல்பு என்று தீர்மானிப்பது யார்? தொட்டிலில் கிடக்கும் பிள்ளை அல்ல.

முன்னேறிய நாட்டுக்கு வந்துவிட்டோம் என்று நாம் நினைக்கிறோம். இந்த விஷயத்தில் மதுரை மொன்றியலை முந்திவிட்டது. 2019 ஏப்ரல் 22ஆம் திகதி, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், ஒரு திருமணப் பதிவு மறுப்பு வழக்கில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். இடைப்பாலினக் குழந்தைகளுக்கு இத்தகைய சத்திரசிகிச்சையைத் தடைசெய்ய வேண்டும், பெற்றோரின் சம்மதம் பிள்ளையின் சம்மதமாகாது என்றார். அதே ஆண்டு ஓகஸ்டில், உயிராபத்தான நிலைமைகளைத் தவிர்த்து, தமிழ்நாடு அரசு தடை ஆணையைப் பிறப்பித்தது.

அந்தத் தீர்ப்பில் எனக்கு முக்கியமானது இன்னொன்று. இப்படிப் பிள்ளை பிறப்பது வெட்கத்துக்குரியதல்ல என்று பெற்றோர் உணரும்படி செய்ய வேண்டும் என்கிறது அது. பிள்ளையை மேசையில் கிடத்துவது பெரும்பாலும் பெற்றோரின் பயம். அந்தப் பயத்தை ஊட்டுவது நாம்.

நம்மைப் பாருங்கள். மகள் பெரியபிள்ளையானதை மண்டபம் எடுத்து, மேடை போட்டு, முந்நூறு பேருக்குச் சோறு போட்டு, வீடியோ எடுத்து அறிவிக்கும் சமூகம் இது. உடம்பைப் பற்றிக் கதைக்கக் கூச்சம் என்று நாம் சொன்னால் யார் நம்புவார்? முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்கு வருபவர் கேட்கும் முதற் கேள்விக்கு விடையில்லாத தாய், கதவைப் பூட்டிக்கொள்வதைத் தவிர வேறென்ன செய்வாள்?

"பள்ளிக்கூடத்தில் பகிடி பண்ணுவார்களே" என்பார்கள். பகிடி பண்ணுகிறவனைத் திருத்துவது கடினம் என்பதற்காகப் பிள்ளையை வெட்டுவதா? "தடுப்பூசிக்கும் பெற்றோர்தானே சம்மதிக்கிறோம்" என்பார்கள். நோய் காத்திருக்காது, தோற்றம் காத்திருக்கும். காத்திருப்பதால் பிள்ளையைப் பாலின்றி வளர்க்க வேண்டும் என்றும் பொருளில்லை. மருத்துவரோடு ஆலோசித்து ஆணென்றோ பெண்ணென்றோ பெயர் வைத்து வளர்க்கலாம். பிள்ளை வளர்ந்து வேறு சொன்னால் பெயரை மாற்றலாம், உடுப்பை மாற்றலாம்.

பெற்றோர் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: இது உயிருக்கு ஆபத்தா? இப்போது செய்யாவிட்டால் என்ன நடக்கும்? பிள்ளை தானே சொல்லும் வயதுவரை பொறுக்க முடியுமா? பதிலை எழுதி வாங்குங்கள். இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள். உளவள ஆலோசகரை, இதே நிலையில் பிள்ளை வளர்த்த வேறொரு பெற்றோரைச் சந்திக்க வேண்டும் என்று கேளுங்கள்.

இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளே, இதைப் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் சொல்ல உங்களிடம் சொற்கள் இருக்கின்றன. உங்கள் மாமிக்கும் சித்திக்கும் தமிழில் இருப்பவை பெரும்பாலும் வசைச்சொற்கள். அவர்களோடு மருத்துவமனைக்குப் போங்கள். "இடைப்பாலினம்" என்ற சொல்லைக் கூச்சமில்லாமல் அவர்கள் முன் சொல்லுங்கள்.

அந்த இரவு நான் கேட்டிருக்க வேண்டியவை வேறு. பிள்ளை பால் குடிக்குதோ? அவ எப்படி இருக்கிறா? நீ ஏதும் சாப்பிட்டியோ? நான் இப்ப வரட்டோ? அடுத்த அழைப்பு உங்கள் வீட்டுக்கு வரலாம்.